பணி அலைவரிசையில் சிரிக்கக் கூடாது

நாள் 112. காலை 07:10
நிலவின் தென்துருவம், ஆழ்குழி பனிச் சுரங்கம். பதிவு செய்பவர்: நிலையப் பொறுப்பாளர் பத்மாசனி. பணியாளர் மூவர். நான், துளையெந்திரம் இயக்கும் இருதயராஜ், காற்றும் நீரும் கவனிக்கும் பொறியாளர் சபூரா. நேற்று வெட்டிய பனி 410 கிலோ. அதை உருக்கி நீராக்கி, நீரிலிருந்து பிராணவாயு பிரிக்கிறோம். எந்திரங்கள் சீர்.

ஒரு குறை. இன்றைய வேலைத்தாளில் உருக்குகலனின் வெப்பநிலையை ஓர் இலக்கம் கூட்டி எழுதியிருந்தேன். இருதயராஜ் அதைப் பணி அலைவரிசையில் தெரிவித்த விதம்:

"மேடம், இந்தச் சூட்டுல வச்சா பனி மட்டுமா உருகும், நம்ம சபூராவும் சேந்துல்லா உருகிருவா. பொறவு அவளக் குடத்துல மோந்து வச்சுக்கிடணும்."

சபூரா ஏழு விநாடி சிரித்தார். எண்ணைத் திருத்தினேன். மேலதிகாரியின் பிழையைச் சுட்டிக்காட்டும் முறை இதுவல்ல.

நாள் 115. காலை 11:30
சிரிப்பால் காற்று வீணாகிறது என்பதை எண்களில் நிறுவ, இருவரின் உடுப்புகளிலிருந்தும் நான்கு நாள் மூச்சுக் கணக்கை எடுத்தேன். சிரிக்கும்போது செலவு கூடுகிறது. ஆனால் சிரித்து முடித்தபின் அரை மணி நேரம் நிமிடத்துக்கு நான்கு மூச்சு குறைகிறது. அந்த நேரத்தில் துளை பிசகுவதும் குறைவு. நான் எதிர்பார்த்த முடிவு இல்லை. மாதிரி போதாது. அறிக்கையில் சேர்க்கவில்லை.

நாள் 119. மாலை 16:05
அலைவரிசை திறந்திருப்பதை மறந்து சபூரா என்னைப் போலப் பேசிக் காட்டினார். பதிவிலிருந்து:

"க்கும், க்கும். கவனிக்கவும். இன்று சூரியன் மூன்று நிமிடம் தாமதமாக வந்துள்ளது. முன் அனுமதி பெறவில்லை. விளக்கம் எழுத்தில் தரப்பட வேண்டும்."

இருதயராஜ் துளையெந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். முப்பத்தொரு விநாடி. அந்தக் கனைப்பு என்னுடையதுதான். எனக்கே தெரியாமல் இருந்தது.

இன்று முதல் விதி: பணி அலைவரிசையில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது. சிரிக்கக் கூடாது. வேலைத்தாளில் உள்ளதை உள்ளபடி செய்ய வேண்டும். மீறினால் பணிக்குறிப்பில் ஏறும். இருவரும் கையெழுத்திட்டனர். இருதயராஜ் ஒன்று கேட்டார்.

"சாப்பிடுத நேரத்துல சிரிக்கலாமா மேடம், இல்ல அதுக்கும் எழுதித் தரணுமா?"

முதல் மீறலாகப் பதிந்தேன்.

நாள் 126. காலை 08:00
விதி நடைமுறைக்கு வந்து ஏழு நாள். அலைவரிசை சுத்தமாக இருக்கிறது. "சரி மேடம்", "முடிஞ்சது மேடம்" தவிர வேறெதுவும் இல்லை. உணவு மேசையிலும் இருவரும் பேசுவதில்லை. நான் உள்ளே போனால் எழுந்து போகிறார்கள். போகட்டும். இங்கே யாரும் எனக்கு உறவாக வரவில்லை.

என் வேலைத்தாளில் பிழை என்று வந்த அறிவிப்புகள் இந்த வாரம் பூஜ்ஜியம். நடவடிக்கை பலன் தந்திருக்கிறது.

நாள் 131. காலை 10:20
09:42க்கு உருக்குகலன் வெடித்தது. இடைவழிச் சுரங்கம் இடிந்து விழுந்தது. கட்டுப்பாட்டு அறையில் நான் அடைபட்டிருக்கிறேன். அறைக் காற்று 16:00 வரை. என் வெளியுடுப்பில் இன்னும் ஒன்றரை மணி நேரக் காற்று. பூமியோடு பேசும் ஆன்டெனா கலனின் கூரையில் இருந்தது. இப்போது இல்லை.

சபூரா கலனருகே நின்றிருந்தார். அவர் உடுப்பிலிருந்து எந்த எண்ணும் வரவில்லை.

இருதயராஜ் வெளியே பனிவெட்டும் வண்டியில் இருந்ததால் தப்பினார்.

நாள் 131. காலை 10:55
வெடிப்புக்கு முந்தைய பதிவைப் போட்டுக் கேட்டேன்.

"ராஜண்ணே, அழுத்தம் எண்பத்திரண்டுன்னு போட்டிருக்கு. எப்பவும் இருபத்தெட்டுதானே வைப்போம்?"

"மேடம் எழுதினதா?"

"ஆமா. கேக்கவா?"

"கேட்டா அதையும் குறிப்புல ஏத்துவாக. எழுதியிருக்கத செய்யி. பாதுகாப்பு வால்வு இருக்குல்லா."

பாதுகாப்பு வால்வில் பனி உறைந்திருந்தது. சுத்தம் செய்ய நாளைக்குத்தான் நேரம் ஒதுக்கியிருந்தேன்.

வேலைத்தாளைப் பார்த்தேன். 82. என் கையெழுத்து.

நாள் 131. நண்பகல் 12:05
இருதயராஜ் சபூராவின் உடலை எடுத்துவிட்டான். பிறகு வண்டியோடு என் பக்கம் தோண்ட ஆரம்பித்தான். என்னோடு பேசவில்லை. நான் கூப்பிட்டேன். பதிவிலிருந்து:

"தோண்டுதேன். வேற என்ன வேணும்?"

ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள், உங்களுக்கு நல்லது என்றேன்.

"வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு வேண்டாம் மேடம். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவன் மூச்சு நிமிடத்துக்கு 34. வண்டியைப் பாறையில் இரண்டு முறை மோதிவிட்டான். இப்படித் தோண்டுபவன் அல்ல அவன்.

நாள் 131. பகல் 12:30
கணக்கு.

தோண்ட இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். இந்த மூச்சுக்கு அவன் காற்று இரண்டு மணி நேரம்தான் வரும். பாதியில் விழுவான். மூச்சு பதினெட்டுக்கு இறங்கினால் மூன்றரை மணி நேரம். என்னை வந்தடைவான்.

அடுத்தது. ஒன்பது நாளில் வரும் மாற்றுக் கப்பல்வரை உயிரோடிருக்க ஒரே இடம் மீட்பு ஓடம். இங்கிருந்து நடக்க எண்பது நிமிடம்; பனிவெட்டும் வண்டி அதைவிட மெதுவாகத்தான் போகும். என் உடுப்பில் தொண்ணூறு நிமிடக் காற்று. அவன் என்னை வெளியே எடுக்கும்போது அவனிடம் முப்பது நிமிடம் மீதமிருக்கும்.

நான் போய்ச் சேர்வேன். அவன் சேர மாட்டான்.

அவன் காற்றளவைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் இப்போதே தெரிந்திருக்கும். நான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மூச்சை மட்டும் இறக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 115ஆம் நாள் கணக்கை எடுத்து வைத்திருக்கிறேன்.

நாள் 131. பகல் 12:48
எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் யாரையும் சிரிக்க வைத்த நினைவு இல்லை. ஒன்றுதான் தெரியும், அதுவும் சபூராவிடமிருந்து எடுத்தது. அலைவரிசையைத் திறந்தேன். நான் பேசியது:

"க்கும், க்கும். கவனிக்கவும். நிலையப் பொறுப்பாளர் இன்று கல்லுக்கு அடியில் இருக்கிறார். முன் அனுமதி பெறவில்லை. விளக்கம் எழுத்தில் தரப்பட வேண்டும்."

பதினோராவது விநாடியில் மூக்கில் ஏதோ அடைத்தது போல ஒரு சத்தம். சிரித்தான். அது அழுகையானது. அழுகையின் நடுவே மறுபடியும் சிரித்தான்.

"அவ உங்களவிட நல்லா செய்வா மேடம்."

வண்டி நின்றது. மூச்சு 34, 29, 23, 19.

நாள் 131. பகல் 12:56
"மேடம், இப்பதான் காத்தளவப் பாத்தேன்."

"மூணு மணி நேரம் தோண்டணும். பொறவு எனக்கு அரை மணி நேரந்தான் நிக்கும். ஓடத்துக்கு எண்பது நிமிசம். இது உங்க திரையிலயும் தெரியுமுல்லா?"

தெரியும்.

"எப்பத்திலிருந்து பாத்துக்கிட்டிருக்கீய?"

சொன்னேன். அரை மணி நேரமாக.

"அதுக்குத்தான் சிரிக்க வச்சியளா?"

ஆமாம் என்றேன்.

ஓடத்துக்குப் போய்க் காற்று நிரப்பிக்கொண்டு திரும்பி வந்து மீதியைத் தோண்ட ஆறு மணி நேரம் ஆகும்; என் காற்று நாலரை மணி நேரம்தான். அதையும் அவனே கணக்குப் போட்டுச் சொன்னான். குரல் பழையபடி நிதானமாக இருந்தது. இந்த நிதானத்தோடு அவன் இங்கே வருவான் என்று நினைத்தேன். இந்த நிதானம் இல்லாமல் அவன் திரும்பிப் போயிருக்கவும் மாட்டான்.

"நான் போறேன் மேடம். உங்கள மன்னிப்பேன்னு எதிர்பாக்காதீய. கேக்காதன்னு அவகிட்ட சொன்ன என்னையவே மன்னிக்க முடியல."

போங்கள் என்றேன். உத்தரவாகச் சொல்லவில்லை. அவன் அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

நாள் 131. பிற்பகல் 14:20
ஓடத்தில் ஏறிவிட்டான். "உள்ள வந்தாச்சு" என்று மட்டும் சொன்னான். அலைவரிசையை மூடவில்லை. ஏன் என்று கேட்கவில்லை.

நாள் 131. மாலை 16:10
அறைக் காற்று தீர்ந்தது. உடுப்பு மாட்டிக்கொண்டேன். கையுறையோடு தட்டச்சு. பிழைகள் இருக்கும்.

என்னோடு கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று கேட்டேன்.

"என்னத்தப் பேச மேடம்?"

எனக்கும் தெரியவில்லை. சபூரா எந்த ஊர் என்று கேட்டேன். நான்கு மாதத்துக்கு மேல் ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கிறோம்.

"கீழக்கரை. வாப்பா கடல்ல முத்துக்குளிச்ச ஆளு. மூச்சடக்கதப் பத்தி அவகிட்டதான் கேக்கணும்."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

நாள் 131. மாலை 17:02
அவன் மூச்சு 14. தூங்கிவிட்டான். எழுப்பலாம். அவன் அலைவரிசை திறந்துதான் இருக்கிறது. கை விசைக்குப் போய் மூன்று முறை திரும்பி வந்தது.

கண்டெடுப்பவர் கவனத்துக்கு. ஓடத்தில் இருப்பவன் என்னைக் கைவிட்டான் என்று எழுத வேண்டாம். நான் அவனைக் கொல்லப் பார்த்தேன், அவன் பிழைத்தான், அவ்வளவுதான்.

பணிக்குறிப்பில் அவன்மேல் இருந்த மீறலை நீக்க முயன்றேன். உள்நுழையும் எண் மறந்துபோச்சு. நாலு இலக்கம். காலையில்கூட அடித்தேன்.

நாள் 131. 17:2
தலை வலி. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது.

கலன் வெடித்ததற்குக் காரணம் அழுத்தம் 82. எழுதியது நான். சபூரா கேட்க நினைத்தாள். கேட்க விடாதபடி செய்ததும் நான். இருதயராஜ் அல்ல. அவன் மூச்சு 14. இன்னும் 14. சத்தம் காதில் விழுகிறது யாரோ பக்கத்தில் படுத்திருப்பது போல

எழுப்பவில்

82 இல்லை 28 என்று யாராவது