உய்காப் தேற்றம்

அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? முறைக்குக் கேட்கிறேன். மெக்சிகோ நகரத்தில் நான் நலம்.

என் தேற்றம் வெளிநாட்டு இதழில் வருகிறது. ரெமெடியோஸ் கன்சே உய்காப் என்று முழுப்பெயரையும் எழுதி அனுப்பியிருந்தேன். நம்மைப் போல அப்பாவின் குடும்பப் பெயருக்குப் பிறகு அம்மாவின் குடும்பப் பெயரையும் சேர்ப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. கடைசியில் இருப்பதே குடும்பப் பெயர் என்று நினைத்து, ‘உய்காப் தேற்றம்’ என்று போட்டுவிட்டார்கள்.

“மாத்தணுமா?” என்று கேட்டார்கள்.

“கணக்கு டோர்ட்டியா சுடுமாடி?” என்று கத்தி, என் புத்தகத்தை அடுப்பில் போட்டீர்களே, அது நினைவுக்கு வந்தது.

“வேண்டாம், சரியாத்தான் இருக்கு” என்றேன்.

நம் கொல்லை மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே எதைத் தின்றாலும் உறைக்கவில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இதை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். தலைப்பை மட்டும் இரண்டு முறை, சத்தமாக.

அவசரத்தில்,
ரெமெடியோஸ் உய்காப்