சத்தமில்லாத அறைக்கு நான் எழுதிய விளக்கம்

மார்ச் 3, திங்கள்

மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்று. சிலிண்டர் மாற்றினேன். போனது நாற்பத்தொரு நாள் வந்தது. அதற்கு முந்தையது முப்பத்தெட்டு. மகள் கல்லூரியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், "அம்மா, புதன்கிழமை என்கூட ஒரு கண்காட்சிக்கு வரணும்" என்றாள். கலைக் கண்காட்சியாம். ஆனால் படம் ஒன்றும் இருக்காதாம்.

"படமில்லாத கண்காட்சிக்குக் கண் எதுக்குடி?" என்றேன். வழக்கமாகச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

போய் வந்தேன். எழுதியே ஆக வேண்டும்.

மூடிக் கிடந்த மேஜை நாற்காலிக் கடை. மூன்று தளம். எந்தப் பொருளுக்கும் பெயர் இல்லை, செய்தவர் யார் என்ற குறிப்பும் இல்லை. வாசலில் தொப்பி போட்ட ஒருவர் கையில் காகிதச் சீட்டும் பென்சிலும் தருகிறார். "இது என்னன்னு நாங்க சொல்ல மாட்டோம்மா. பார்த்துட்டு நீங்க எழுதுங்க. யார் செஞ்சதுன்னு கடைசி நாள்தான் பேர் மாட்டுவோம்."

கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு ஈரச் சட்டைகள் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. கீழே வாளிகள். எல்லாரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். பிழியாமல் காயப்போட்டால் வேறென்ன ஆகும்? "இதுக்கு அர்த்தம் சோம்பேறித்தனம்" என்று மகள் காதில் சொன்னேன். முதல் மாடியில் நாற்காலிகள் எல்லாம் சுவரைப் பார்த்தபடி. "சொத்துத் தகராறு" என்றேன். பின்னால் நின்ற ஒரு அம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

இரண்டாம் மாடியில்தான் அந்த அறை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். ஓர் ஒடுங்கிய கட்டில். ஒரு குழாய், அதன் வாயில் துணி கட்டி வாளியின் அடிவரை விட்டிருக்கிறார்கள். தண்ணீர் துணியைப் பிடித்துக்கொண்டு ஓசையே இல்லாமல் இறங்குகிறது. ஆணியில் நான்கு வளையல், நான்கிலும் பஞ்சு சுற்றியிருக்கிறது. கரண்டிகளுக்குக் கம்பளி நூல். கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி, பாதி திறந்து, உடுப்புகள் மடித்தது மடித்தபடி. தரை பழைய பலகை; அழுத்திக் கால் வைத்தால் கிறீச்சிடும். அப்போது எதிரில் உள்ள திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. யாரோ வந்து நிற்பதுபோல் ஒரு நிழல். நாம் அசையாமல் நின்றால் போய்விடுகிறது.

என்னையறியாமல் கைகூப்பினேன். கண் கலங்கியது. வெளியே வந்து எழுதியது, அப்படியே:

"இது ஓர் ஆசிரமம். இங்கே வாழ்ந்தவர் மௌனத்தைத் தவமாக ஏற்றவர். தண்ணீரின் ஓசைகூடத் தியானத்தைக் கலைக்கக் கூடாதென்று துணி கட்டினார். பெட்டியைப் பிரிக்காதது, அழைப்பு வந்தால் அந்த நிமிடமே கிளம்பத் தயார் என்பதற்காக. இவ்வுலகில் நாமெல்லாரும் விருந்தாளிகள்தானே. திரைக்குப் பின்னால் நிற்பது மனசாட்சி. இந்த அறையில் கடவுள் இருக்கிறார்."

மகளிடம் காட்டினேன். படித்தாள். மறுபடியும் படித்தாள். "இதையா போடப் போற?" என்றாள். போட்டேன்.

எட்டாவதோடு நின்ற எனக்கு இவ்வளவு தோன்றியிருக்கிறது. பெருமைப்படக் கூடாது. ஆனாலும்.

மார்ச் 8, சனி

தனியாகப் போனேன். என் சீட்டை அந்த அறை வாசலிலேயே ஒட்டியிருக்கிறார்கள்! மற்ற சீட்டெல்லாம் கீழே பலகையில். கண்ணாடி போட்ட ஒரு தம்பதி அதைப் படித்துவிட்டு உள்ளே போனார்கள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான்தான் எழுதினேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அரை மணி நேரம் நின்று எட்டுப் பேருக்கு விளக்கினேன்.

மார்ச் 11, செவ்வாய்

பிரார்த்தனைக் குழுவில் சொன்னேன். சனிக்கிழமை ஏழு பேரும் வருகிறார்கள். அங்கேயே பத்து நிமிடம் நான் பேச வேண்டுமாம். குழுத்தலைவி அம்மாவே கேட்டுக்கொண்டது.

மார்ச் 12, புதன்

மகள் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பரீட்சைக் கவலையோ?

மார்ச் 13, வியாழன், காலை

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எழுதினால் தெளியுமோ என்னவோ.

சமையலறையில் சனிக்கிழமைப் பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சத்தத்தைத் துறந்தவளுக்கே சாந்தி" என்று ஆரம்பம். மகள் தட்டை ணங்கென்று வைத்தாள்.

"போதும்மா. நிறுத்து. அது ஆசிரமம் இல்ல. நம்ம வீடு."

"என்னடி உளர்ற?"

"அத்தை செஞ்சதும்மா அது. அவங்களே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க. அந்தக் குழாய்த் துணிய நான்தான் கிழிச்சுக் கொடுத்தேன், என் பழைய பாவாடைல. அப்போ எனக்குப் பன்னெண்டு வயசு. நீ பார்த்தா உனக்குத் தெரிஞ்சுடும்னு நெனச்சுதான் கூட்டிட்டுப் போனேன். நீ என்னடான்னா கும்பிட்டுட்டு நிக்கிற!"

அத்தை. என் வீட்டுக்காரரின் தங்கை. ஆறு வருஷத்துக்கு முன்னால் புருஷன் வீடு வேண்டாமென்று ஒரு பெட்டியோடு வந்து நின்றவள். பதினொரு மாதம் எங்கள் சாமான் அறையில் இருந்தாள். ஒரு நாள் காலையில் இல்லை. எப்போது போனாள் என்றே தெரியவில்லை. "சொல்லிக்காமப் போன திமிரு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். என்ன சத்தம் கேட்டிருக்கும் எனக்கு, அவள் போகும்போது?

அதே நாள், பிற்பகல்

எதையும் தூக்கிப் போடாத புத்தி எனக்கு. அந்த வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தேன். சலவைக்குப் போட்ட உருப்படிகள், பால் வராத நாட்கள், எல்லாம் வரிசையாக. நடுவில், என் கையெழுத்தில்:

"இன்று முதல் விடியற்காலையில் சத்தமில்லை. பிரார்த்தனை பலித்தது. எல்லாம் அவன் அருள்."

அவன் அருளா? பாவாடைத் துணி.

அவள் ஒரு போர்டு எழுதும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விடிவதற்குள் குளித்துக் கிளம்ப வேண்டும். எனக்கும் அதுதான் பிரார்த்தனை நேரம். "உன் வாளிச் சத்தத்துல கடவுள் பேரு காதுல விழல" என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அதற்கப்புறம் சொன்னதில்லை, சொல்லத் தேவைப்படவில்லை. சத்தம் வந்தால் எழுந்து போய் அவள் அறைத் திரைக்கு இந்தப் பக்கம் நிற்பேன். அவ்வளவுதான். திட்டமாட்டேன். திட்டாமல் இருந்ததை என் பொறுமைக்குச் சாட்சியாக வைத்திருந்தேன்!

சத்தம் நின்றது தெரியும். எப்படி நின்றது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பெட்டி — அலமாரியில் ஒரு தட்டு காலி செய்து தருகிறேன் என்றேன். பதினொரு மாதமும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவள் ஒடுங்கிக் கிடந்ததை ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு வந்திருக்கிறேன். எட்டுப் பேருக்கு. வாசலில் படித்தவர்கள் எத்தனை பேரோ.

மார்ச் 14, வெள்ளி

கதவு திறக்கும்போதே போய் நின்றேன். "அந்தச் சீட்டை எடுத்துடலாமா?" என்று தொப்பிக்காரரைக் கேட்டேன்.

"எழுதினது எழுதினதுதாம்மா."

"தப்பா எழுதிட்டேங்க."

"திருத்தி மார்க்குப் போட இதென்ன பரீட்சையா?" பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "வாசல்ல ஒட்டச் சொன்னதே அதைச் செஞ்சவங்கதான். அன்னிக்குச் சாயங்காலம் வந்து எல்லாச் சீட்டையும் படிச்சாங்க. உங்களோடத ரொம்ப நேரம் கையில வச்சிருந்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க."

"எப்படிச் சிரிச்சாங்க?"

"சிரிப்புல எப்படின்னு என்னம்மா இருக்கு?"

என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அவள் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியவள் நான்தானே.

வேண்டுமானால் கீழே இன்னொரு சீட்டு ஒட்டலாம் என்றார். மூன்று எழுதினேன். முதலாவதில் "என்னை அறியாமல்" என்று வந்தது. இரண்டாவதில் "நல்லெண்ணத்தில்". மூன்றாவதில் என் முதுகுவலி வந்தது. மூன்றையும் கிழித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 15, சனி

காலையில் தலைவலி என்று சொல்லிவிடலாமென்று போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். அதற்குள் ஏழு பேரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள், கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி உடுத்திக்கொண்டு.

அறை வாசலில் தலைவியம்மா என் சீட்டை ராகம் போட்டுப் படித்தார். "எப்படி எழுதியிருக்கா பாருங்க! படிச்சவங்களுக்கு வருமா இது?" ஒவ்வொருவராக உள்ளே போய்க் கைகூப்பிக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் சுவரோரமாக நின்றேன். மகள் கூட வந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ம்ம், பேசும்மா" என்றார் தலைவியம்மா.

படியிறங்கிக் கீழே போனேன். தொப்பிக்காரரிடம் ஒரு சீட்டு கேட்டு வாங்கி மேலே வந்து, சுவரில் வைத்தே எழுதினேன். இந்தத் தடவை யோசிக்கவில்லை.

"மேலே உள்ளதை எழுதியதும் நானே. அது பொய். இது ஆசிரமம் அல்ல, என் வீட்டுச் சாமான் அறை. இருந்தவள் என் நாத்தனார். அவள் தவம் செய்யவில்லை. என்னைக் கண்டு பயந்தாள். திரைக்குப் பின்னால் நிற்பது நான்."

ஒட்டினேன். எல்லாரும் கிட்ட வந்து படித்தார்கள். யாரும் ராகம் போடவில்லை.

"ஏம்மா, வீட்டு விஷயத்தை இப்படியா நாலு பேர் பார்க்க ஒட்டுவாங்க?" என்றார் தலைவியம்மா, மெதுவாக, என் முந்தானையைப் பிடித்து இழுத்து. இன்னொருத்தி, "எல்லார் வீட்லயும் உள்ளதுதானே, இவ ஒருத்தியா?" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

எங்களில் ஒரு தையற்காரம்மா உண்டு, அதிகம் பேசமாட்டாள். அவள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டாம் தடவை உள்ளே போனாள். தரை கிறீச்சிட்டது. வெகுநேரம் வரவில்லை. வந்ததும் நேரே படியிறங்கிப் போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலி. மூன்று நிறுத்தம் கழித்து மகள் எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் கேட்டேன், "உங்களுக்குத் தெரியுமா?"

செய்தித்தாளை மடித்தார். "பொண்ணு சொன்னா. போன வாரம் போனேன். சீட்டைப் படிச்சேன். உள்ள போகத் தைரியம் வரல."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அப்போவே எதுவும் சொல்லல. இப்போ என்ன வாயை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன நீளமான வாக்கியம் இதுதான்.

மார்ச் 18, செவ்வாய்

விடியற்காலைப் பிரார்த்தனைக்கு எழுந்தேன். உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கடைசி நாள். பெயர்கள் மாட்டினார்கள். எனக்குப் போகக் கால் எழவில்லை, மகள் போனாள். சாயங்காலம் வந்து சொன்னாள்: "அத்தை சீட்டைப் பிரிச்சு எடுத்து மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாங்க."

"எந்தச் சீட்டை?"

"ரெண்டையும்தான்."

மகளிடமிருந்து முகவரியை எழுதி வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 27, வியாழன்

போனேன். டயர் கடைக்கு மேலே, இரும்புப் படி. கதவு திறந்துதான் இருந்தது. தரையில் பலகையைப் போட்டு ஏதோ கடைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். பாதித் தலை நரைத்திருக்கிறது. என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.

நிமிர்ந்தாள். "அண்ணி" என்றாள். எழுந்து துணியில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

பஸ்ஸில் பழகிக்கொண்டு வந்த பேச்சில் ஒரு சொல்தான் மிஞ்சியது. "மன்னிச்சுடும்மா."

"அதை இப்போ வாங்கிக்க மாட்டேன் அண்ணி." கோபமில்லாத குரல். "உள்ள வாங்கன்னும் சொல்ல மாட்டேன். மரியாதை இல்லாம இல்ல. என்னால இப்போ முடியல."

"சரி" என்றேன். தலையை ஆட்டினேன். இரண்டு வாரமாக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டும்விட்டேன். "அந்தச் சீட்டைப் படிச்சு ஏன் சிரிச்ச?"

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. "பதினோரு மாசம் அங்க என்ன பண்ணிட்டிருந்தேன்னு எனக்கே புரியாம இருந்துச்சு. தவம்னு எழுதியிருந்தீங்களா, சிரிப்பு தாங்கல. வாசல்ல ஒட்டுங்கன்னுட்டேன். படிச்சுட்டு உள்ள போறவங்கள்ல ஒருத்தராவது இது தவம் இல்லன்னு சொல்றாங்களான்னு பார்க்கணும்னு தோணிச்சு. பத்து நாளா ஒருத்தரும் சொல்லல." பிறகு, "நீங்க சொன்னீங்க" என்றாள்.

உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து படிமேடையில் போட்டாள். "மூச்சு வாங்குது உங்களுக்கு. உட்காருங்க." நான் வெளியே உட்கார்ந்தேன். அவள் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கீழே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். காது அடைக்கும் சத்தம். அதில் ஒன்றும் பேச முடியாது.

கிளம்பினேன். "கீழ இறங்கி இடது பக்கம் போங்க. எதிர்ல நின்னா பஸ் நிக்காது" என்றாள். நாலு படி இறங்கியிருப்பேன். மேலேயிருந்து, "வேலை நாள்ல வராதீங்க அண்ணி, கை பெயிண்டா இருக்கும். ஞாயித்துக்கிழமைன்னா பரவாயில்ல" என்றாள்.

வருகிற ஞாயிறா, இல்லை என்றைக்காவது ஒரு ஞாயிறா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அந்த நாளையும் நானே குறித்ததாக ஆகிவிடும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினேன்.