மூடிய கைக்குள் ஒரு சிகரம்

மே 6

அன்புப் பேத்திக்கு,

பேரப்பிள்ளைகளில் பெரியவன் பேங்கில் மேனேஜர் ஆகிவிட்டான். அவன் தங்கை நர்சிங் முடித்துவிட்டாள், வகுப்பிலேயே முதல். கடைக்குட்டி நீச்சலில் கப் வாங்கி, தினமும் அதில்தான் பால் குடிக்கிறான். நீயோ மலையையே அளக்கப் போயிருக்கிறாய். அஞ்சாங் கிளாஸோடு நின்றவளுக்கு இதெல்லாம் கொஞ்சமா? என் தலையைக் கண்டாலே தபால்காரர் சைக்கிளைத் திருப்புகிறார். அத்தனை தடவை சொல்லிவிட்டேன்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். இதே மலையை முன்பு அளந்தபோது உன் தாத்தா சுமை தூக்கிப் போனவர். மேலே ஏறியவர்கள் ஆளுக்கொரு பொருளைத் தகர டப்பாவில் போட்டு, கற்குவியலுக்குள் வைத்துவிட்டு வருவார்களாம். மற்றவர்கள் பட்டன், சீப்பு என்று வைத்தார்கள். இந்த மனுஷன் எங்கள் கல்யாணப் போட்டோவை வைத்துவிட்டு வந்தார்! வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான். மூன்று மாதம் நான் பேசவில்லை. "இன்னுமாடி கோவம்?" என்று கேட்டுக்கொண்டே கையை மூடி அந்த மலையைக் காட்டுவார். நடுவிரல் மூட்டுதான் உச்சி. அதற்கும் மோதிர விரல் மூட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம், காற்று ஆளையே தள்ளும். டப்பா அங்கேதான்.

கண்மூடும்வரை அவர் வேறு போட்டோவுக்கு நிற்கவே இல்லை. இப்போதெல்லாம் அவர் முகம் சரியாக நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது, கண்ணு. வெளியே சொல்ல வெட்கம். எடுத்து வா.

உன் பாட்டி

ஜூன் 19

பாட்டி,

மரங்கள் நின்றுபோய், புல்லும் நின்றுபோய், இங்கே கல்லும் பனியும்தான். ஒரே பனிப்பாளத்திலிருந்து இரண்டு ஆறுகள் எதிரெதிர்ப் பக்கம் இறங்குகின்றன. தாத்தாவின் கற்குவியல் எங்கள் வரைபடத்தில் இல்லை. கையை மூடி மலைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். "யாரை அடிக்கப் போற?" என்று கூட வந்த இன்ஜினியர் சிரித்தார். அந்தப் பள்ளத்திலேயே இருந்தது.

கோபித்துக்கொள்ளாதே. டப்பாவுக்குள் ஈரம் இறங்கி, தாத்தா நின்ற பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது. நீ மட்டும் தெளிவாக இருக்கிறாய், முறைத்துக்கொண்டு. பின்னால் பென்சிலில் எழுதியிருக்கிறார்: "இவளையும் இங்கேவரைக்கும் கூட்டி வந்தேன்."

என்ன செய்யட்டும்? பதில் எழுது, முகாமுக்குச் சாமான் கொண்டுவருபவர் தபாலையும் எடுத்து வருவார்.

உன் பேத்தி

ஜூலை 2

கண்ணு,

இரண்டு நாளாக உன் கடிதம் என் தலைமாட்டிலேயே கிடந்தது. இதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அந்த மூன்று மாதமும் பேசியிருப்பேனே! கடைசிவரை சிரித்தே சமாளித்துவிட்டார்.

நாற்பத்தொன்பது வருஷமாக நான் மலை மேல் நிற்கிறேன் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் சொன்னேன். "மாடிப்படி ஏறவே உங்களுக்கு மூச்சு வாங்குது, சும்மா இருங்க பாட்டிம்மா" என்கிறாள்.

போட்டோவை அங்கேயே வைத்துவிடு. அவர் கூட்டிப்போன இடத்திலேயே இருக்கிறேன். டப்பாவை மட்டும் புதிதாக மாற்றி, இறுக்கி மூடு.

பிறகு அந்தக் குவியல் பக்கத்தில் நீ நின்று ஒரு போட்டோ எடு. கறுப்புக் கண்ணாடி வேண்டாம், குல்லாயை மேலே தள்ளிவிடு. நீ பிறந்தன்று உன்னைத் தூக்கி, "மூக்கு என் மூக்குதான்" என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். நீ சிரித்தால் அது அச்சாக வரும். அதனால் சிரி. போனில் அனுப்பாதே, எனக்குக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். போட்டோ கடையில் கொடுத்துக் கழுவி, தபாலில் போடு.

மலை ஏறிய உன் பாட்டி