ஹெட்செட் வேண்டாம், ஸ்பீக்கர் போதும்

பாகலூர்

அன்பு மகன் சுரேந்தருக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கை அனுப்ரியாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பின்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று முடித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ சொன்ன கம்ப்யூட்டர் சாமான்களை வாங்க நானும் அவளும் பெங்களூருக்குப் போய் வந்தோம். பிராசசர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் நீ சொன்னதுதான், அவள் படிப்புக்கும் நீங்கள் இரண்டு பேரும் ஆன்லைனில் ஆடும் விளையாட்டுக்கும் சேர்த்துத் தாங்கும் என்று கடைக்காரரும் சொன்னார். பவர் சப்ளை மட்டும் ஒரு படி நல்லதாக எடுத்தேன், பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் நம் வீட்டு டியூப்லைட் கண் சிமிட்டுவது உனக்கே தெரியும். வீட்டுக்கு வந்து அவள் வீடியோ பார்த்துச் சொல்லச் சொல்ல நான் ஸ்குரூ முடுக்கினேன். கம்பெனியில் புது மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் சுவிட்ச் போட மாட்டோம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் கேபினெட்டின் முன்பக்க வலை மேல் குங்குமத்தை அள்ளி அப்பிவிட்டேன். சுவிட்ச் போட்டதும் ஃபேன் அவ்வளவையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஏம்ப்பா, மதர்போர்டுக்கே பொட்டு வெச்சிட்டியா என்று தலையில் அடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டித் தட்டித் துடைத்தாள். நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்ன ஹெட்செட்டை நான் வாங்கவில்லை. ஸ்பீக்கரும் தனியாக ஒரு மைக்கும் வாங்கினேன். கடைக்காரர்கூட ஹெட்செட் பேட்வா சார், வேண்டாமா என்று கன்னடத்தில் இரண்டு தரம் கேட்டார், வேண்டவே வேண்டாம் என்றேன். உன் தங்கைக்கு என் மேல் கோபம். விளையாட்டில் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று காலடிச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம், ஸ்பீக்கரில் போட்டால் உன் குரலே உனக்குத் திரும்பக் கேட்குமாம், அவளே ஹெட்செட் ஆர்டர் போடப் போகிறாளாம். என் பேச்சு எடுபடவில்லை, நீ சொன்னால் கேட்பாள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பாய். போன மாதம் அவள் செல்போனில் உன்னோடு விளையாடியபோது காதில் ஒயரை மாட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அவள் சிரிப்பு மட்டும்தான் கேட்டது, நீ என்ன சொல்லிச் சிரிக்க வைத்தாய் என்று தெரியவில்லை. உன் அம்மா போனபிறகு ஷிப்ட் முடிந்து வந்ததும் டி.வி.யைச் சும்மாவாவது ஓடவிடுகிறேன், யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. என்னிடம் பேசும்போது சாப்பிட்டியாப்பா, மாத்திரை போட்டியாப்பா என்று கேட்கிறாய், குறை சொல்லவில்லை, ஆனால் என்னிடம் நீ சிரித்தே ரொம்ப நாளாகிறது. தனியாகிவிட்டேனடா. உங்கள் விளையாட்டில் மூக்கை நுழைக்க மாட்டேன், நீங்கள் பேசுவது எனக்குப் புரியவும் வேண்டாம், நீ சிரிப்பது இந்த வீட்டில் கேட்டால் போதும்.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. குளிருக்குத் தலையில் எண்ணெய் வைக்காமல் வெளியே போகாதே. அனுப்ரியாவிடம் ஹெட்செட் வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடு. விளையாட்டில் தோற்றாலும் சத்தம் போட்டே தோற்றுப் போ, நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன்.

உன் அப்பா,
முனிவேல்