நாற்பது சதவீதம் செவிடு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் முதுகில் ஏறிவிட்டது. குழாயில் தண்ணீர் இல்லை. உப்பளம் ஏரியாவே குடத்தோடு தெருவில்.

நாளை ஆஸ்பத்திரிக்கு: ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, மார்க் ஷீட், பழைய காது ரிப்போர்ட் (பள்ளிக்கூடத்தில் சின்ன வயதில் எடுத்தது, ஓரம் கரையான் தின்றது). காது மெஷினுக்கு ஒரு பேட்டரி கூடுதலாக.

பி.காம். சீட் கிடைத்துவிட்டது. கட்டணம்தான் பாக்கி. காது கேளாதோர் சான்றில் குறைபாடு நாற்பது சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழுத் தள்ளுபடி. ஒன்று குறைந்தாலும் முழுசாகக் கட்ட வேண்டும். 20ஆம் தேதி கடைசி. காலேஜ் ஆபீஸ் கிளார்க் இதைச் சொன்னபோது பாதி நேரம் வாயில் பேனா, உதடு படிக்க முடியவில்லை. எழுதித் தாருங்கள் சார் என்று நோட்டை நீட்டினேன். சலித்துக்கொண்டே எழுதினார்.

மீன்பிடித் தடைக்காலம் முடியவில்லை. போட்டெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது, அப்பா வீட்டில். கடலுக்குப் போகாத நாளெல்லாம் வீட்டில் யாருக்காவது அடி. இன்று எனக்கு. கூப்பிட்டாராம், நான் திரும்பவில்லையாம். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் எனக்கென்ன பிடரியிலா கண்?

அம்மா வழக்கம்போல வாசலிலிருந்து கை காட்டினாள். "மெஷின கழட்டி வெச்சிடு பாப்பா."

இது எங்கள் வீட்டுச் சட்டம். மெஷின் விலை அதிகம். அம்மா மீன் கூடை தூக்கிச் சம்பாதித்து வாங்கியது. அடி விழுந்தால் உடைந்துவிடும். அதனால் முதலில் அதைக் கழற்றி டிவி மேல் வைக்க வேண்டும். அப்பா காத்திருப்பார். ஓங்கிய கையோடு நின்று காத்திருப்பார். அவ்வளவு மரியாதை மெஷினுக்கு. பிறகு அறை. வலது கை ஆள், அதனால் எப்போதும் என் இடது கன்னம், இடது காது.

சத்தம் இல்லாமல் அடி வாங்குவது எப்படி என்று யாராவது கேட்டால் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. கூட்டம். அம்மா வரவில்லை, முதலியார்பேட்டையில் வியாபாரம். தடைக்காலத்தில் கேரளா மீன், ஏரி மீன் என்று எதையாவது விற்றுக்கொண்டிருக்கிறாள்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. மெஷினைக் கழற்றச் சொன்னார்கள். தலையில் ஹெட்போன், கையில் பட்டன். டெஸ்ட் எடுக்கிற அக்கா என் முகத்துக்கு நேராக நின்று சொன்னார், உதடு தெளிவாகத் தெரிந்தது. "பீப்னு சத்தம் கேட்டா அமுக்கு. கேக்கலன்னா அமுக்காத. சரியா?"

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். கை தெரியவில்லை, தோள் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் தோள் கொஞ்சம் ஏறி இறங்கியது. ஏறினால் நான் அமுக்கினேன். எனக்கே தெரியாமல் விரல் போய்விட்டது. தோள் ஏறினால் எதுவோ வரப்போகிறது என்று என் உடம்புக்குத் தெரியும். அப்பாவிடம் படித்த பாடம், கை ஓங்குவதற்கு முன்னால் தோள்தான் ஏறும்.

சரியாக அமுக்குகிறேன் என்று சந்தோஷம் வேறு. பரீட்சையில் பாஸாகிற சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் எல்லா வருஷமும் இப்படித்தான் ஓட்டினேன். டீச்சர் கேட்டால் புரிந்த மாதிரி தலையாட்டுவது, எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பது.

டாக்டர் காகிதத்தைத் தந்தார். 36.

பஸ் ஸ்டாண்டு கழிவறைக்குப் போய்ச் சுவரில் கையால் குத்தினேன். விரல் முட்டித் தோல் உரிந்தது. முட்டாள். முட்டாள். தோற்க வேண்டிய பரீட்சையில் போய்ப் பாஸாகி வந்திருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

இன்று நடந்தது எழுதுகிற மாதிரி இல்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

அப்பாவிடம் காகிதத்தைக் காட்டினேன். படிக்கத் தெரியும் அவருக்கு, எண்ணை மட்டும் படித்தார். முதலில் சிரித்தார். அப்புறம் அவர் வாயில் நான் பார்த்தது:

"அப்ப உனக்கு நல்லாத்தான் கேக்குது. கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டான். இத்தினி வருசமா கூப்ட கூப்ட திரும்பாம என்னையே ஏமாத்திகினு இருந்தியாடி நீ?"

அம்மா கை காட்டினாள், மெஷினைக் கழற்றினேன். அறை. இன்னொன்று. கீழே விழுந்தேன், அடுப்பு மேடை விளிம்பு புருவத்தில். முடியைப் பிடித்துத் தூக்கினார். தூக்கிய கை என் வாய்க்கு எதிரில் வந்தது. கடித்தேன். விடவே இல்லை. பல்லுக்கு நடுவில் தோல், உப்பு, பீடி நாற்றம். அவர் வாய் பெரிதாகத் திறந்தது. கத்தியிருப்பார். எனக்கென்ன.

அதற்குப் பிறகு விழுந்தது சாதாரண அறை இல்லை. மூடிய கை. காதுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி, சூடாக வழிந்தது. தலையணையில் இரத்தம்.

அம்மா பஞ்சு வைத்தாள். மஞ்சள் குழைத்துப் புருவத்தில் போட்டாள். பிறகு டிவி மேலிருந்து மெஷினை எடுத்து முந்தானையால் துடைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். உடையவில்லை என்று தலையை ஆட்டினாள். அந்த நிமிஷம் அப்பாவை விட அவள்மேல்தான் எனக்கு ஆத்திரம். கொன்றுவிடலாம் போல.

ஜூன் 12, வியாழன்

வீட்டில் சோறு மட்டும், குழம்பு இல்லை. தெருவில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது, உதடு பார்த்தேன்: "காது கேக்குமாம். இத்தினி நாளு நடிச்சிகினு இருந்துச்சாம்."

சாயங்காலம் துறைமுகத்தில் அப்பாவுக்கும் அவர் போட்டில் வேலை செய்கிற மாரி மாமாவுக்கும் சண்டை. வலை தைக்கிற இடத்தில் ஆரம்பித்து ஐஸ் பெட்டி வரை உருண்டார்களாம். அப்பாவுக்குத் தலையில் தையல். கட்டோடு வந்து உட்கார்ந்து அம்மாவிடம் சுடுதண்ணீர் கேட்டார். நான் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்சம் அதிகமாகவே சுட வைத்திருந்தேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

அனல் காற்று. தனியாக மறுபடி ஆஸ்பத்திரி. வீட்டில் சொல்லவில்லை.

டெஸ்ட் அக்கா மதியம் டிபன் பாக்ஸ் திறக்கும் வரை நின்றேன். பிறகு உள்ளே போய்ச் சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகத் தெரியாது, சத்தமாகப் போயிருக்கும், வெளியே இருந்தவர்கள் திரும்பினார்கள். "அக்கா, எனக்குக் கேக்கல. உங்க தோளப் பாத்து அமுக்கினேன்."

அவருக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, உனக்கு அறிவு இருக்குதா? எல்லாரும் கேட்டாலும் கேக்கலன்னு சொல்லி ஏமாத்தப் பாக்கறாங்க. நீ இன்னாடான்னா..."

பாதியில் நிறுத்திவிட்டார். என் காதில் பஞ்சைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து பஞ்சை எடுத்தார், முகர்ந்தார், முகம் சுளித்தார். கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனார்.

பட்டன் இல்லாத டெஸ்ட் ஒன்று இருக்கிறதாம். தலையில் ஒயர் ஒட்டிப் படுக்க வைப்பார்கள், மூளையே பதில் சொல்லுமாம். நான் ஏமாற்ற நினைத்தாலும் முடியாது. செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். அம்மாவையும் கூட்டி வரச் சொன்னார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

தடை முடிந்தது. விடிவதற்குள் போட்டெல்லாம் போய்விட்டது. அப்பா தலைக்கட்டோடு போயிருக்கிறார். வீட்டில் காற்று வருகிறது. அம்மாவும் நானும் முட்டை தோசை சாப்பிட்டோம். அம்மா இரண்டாவது தோசையை என் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்றேன். வைத்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

சான்று கிடைக்கப் போகிறது. 62 சதவீதம்.

அதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை எழுதத்தான் மனசில்லை.

கண்ணை மூடி அசையாமல் படுக்கச் சொன்னார்கள். மூட முடியவில்லை. யாராவது பக்கத்தில் நின்றால் கண் தானாகத் திறக்கிறது. கடைசியில் எல்லோரையும் வெளியே அனுப்பி, விளக்கை அணைத்து எடுத்தார்கள்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்காக மெதுவாக, வாயைத் திறந்து பேசினார். நல்ல மனிதர். "வலது காது பிறவியிலேயே கேக்காது. இடது காது சின்ன வயசுல ஓரளவு நல்லா இருந்திருக்கு. இப்ப கிழிஞ்ச ஜவ்வு ஆறிடும். உள்ள நரம்பு போனது பழசு, கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. திரும்பத் திரும்ப அடிபட்டா இப்படி ஆகும்."

பிறகு என்னோடு வந்திருந்த அம்மாவைப் பார்த்தார். "யார் அடிச்சது? போலீசுக்குச் சொல்லணும்."

அம்மா: "யாரும் அடிக்கலிங்க. பிறவிலேர்ந்தே அப்படித்தான். எழுதுங்க சார், பிறவின்னு."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் பேனா காத்திருந்தது. போலீஸ், கேஸ், வாய்தா, 20ஆம் தேதி எல்லாம் ஒன்றாக மண்டையில் வந்தது. "பிறவி" என்றேன்.

வெளியே வந்ததும் அம்மாவின் தோளைப் பிடித்துச் சுவரில் தள்ளினேன். கூடை தூக்குகிற உடம்பு, அசையவில்லை. "மெஷின காப்பாத்தின. காத வுட்டுட்ட" என்றேன். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தூக்கிவிடவில்லை.

பஸ்ஸில் தனித்தனி சீட்.

ஜூன் 20, வெள்ளி

மேகம், மழை இல்லை. சான்று நேற்று சீலோடு வந்தது. அப்பாவும் நேற்றுக் கரைக்கு வந்தார், நல்ல மீன்பாடு போல, முகத்தில் சிரிப்பு. காலேஜில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றதும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மாவும் வந்தாள். மூன்று நாளாக நானும் அவளும் பேசவில்லை.

ஆபீஸில் கூட்டம். அதே கிளார்க், இன்று பேனா கையில். சான்றைப் பார்த்தார். "முழுத் தள்ளுபடி. நீங்க ஒண்ணும் கட்ட வேணாம்பா."

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். அவர் வாயை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "கட்டறதுக்குத்தான் சார் வந்தேன். இதோட காதுக்காக நான் பாக்காத வைத்தியமா, பண்ணாத செலவா. நான் பாடுபடறது யாருக்கு? எல்லாம் இதுக்குத்தான்." பின்னால் நின்ற ஒரு பெரியவர் அப்பாவைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"பிறவிலேர்ந்தா?" கிளார்க் சும்மாதான் கேட்டார், காகிதத்தைப் புரட்டிக்கொண்டே.

"ஆமா சார். இன்னா பண்றது, கடவுள் குடுத்தது."

பேனா அப்பா கையில் இருந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"வலது காது கடவுள். இடது காது இவரு. அடிச்சி அடிச்சி போச்சி."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. எல்லா முகமும் திரும்பியது. தலையாட்டிய பெரியவர் தரையைப் பார்த்தார்.

அப்பா பேனாவை வீசினார். அது மேஜையில் பட்டு உருண்டது. "போட மாட்டேன். எவன் போடறான்னு பாக்கறேன்." கை ஓங்கிவிட்டது, அத்தனை பேருக்கு நடுவில். மெஷின் என் காதிலேயே இருந்தது. நான் நகரவில்லை.

கை இறங்கவில்லை. அம்மா பிடித்திருந்தாள். வஞ்சிரம் வெட்டுகிற கை. அப்பா இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், கழுத்து நரம்பு புடைத்தது, வரவில்லை. அம்மா கிளார்க்கைப் பார்த்து, "நான் போட்டா செல்லுமா சார்?" என்றாள்.

"செல்லும்மா. அப்பா, அம்மா, யாராவது ஒருத்தர்."

இடது கையால் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே வலது கையால் பேனாவை எடுத்தாள். அம்மா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. அஞ்சலை என்று தன் பெயரை எழுதி முடிக்க அவளுக்கு நேரமாகும். அதுவரைக்கும் விடவில்லை.