டிராகனைக் கொன்றது யார்?

மாவீரரே,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

இந்த வருஷம் பிடித்த பத்து வீடியோ கேம் என்று ஊருக்கெல்லாம் பட்டியல் போட்டீர்களே, பார்த்தேன். முதல் இடம் டிராகன் கேமுக்கு, சரி. ‘கடைசி டிராகனைத் தனியாளாக முடித்தேன்’ என்று எழுத எப்படி மனசு வந்தது? நீங்கள் சோபாவில் குறட்டை விட்டபோது, கட்டைவிரலில் கொப்புளம் வர அதைக் கொன்றது உங்கள் பெண்டாட்டி.

சாயங்காலம் ஆபீஸ் கூட்டமே நேரில் பார்க்க வருகிறதாம். தாராளமாகக் கொன்று காட்டுங்கள்.

பி.கு.: எங்கே அடித்தால் அது விழும் என்று போனில் சொல்கிறேன். முதலில் பட்டியலைத் திருத்துங்கள்.

கடைசி விலை: ‘சேர்ந்து முடித்தோம்’ என்றாவது போடுங்கள். அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.