எல்லாம் ஷேப், மருமகனே

மேல் டிவிஷன் லயம்,
பசறை.
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

அன்பு மருமகன் ரமேஸுக்கு,

தாய்மாமன் அழகையா எழுதிக்கொள்வது. கட்டார் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று முனியாண்டியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையைக் கையில் எடுத்தேன். நாங்கள் இங்கே இருக்கிறோம். நல்ல மழை. ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாளாக பஸ் இல்லை. உன் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

நீ என் கோலை எடுப்பதில்லை. வட்ஸ்அப்பிலும் என்னை புளொக் பண்ணிவிட்டாய் என்று என் மகள் நிலக்ஷனாதான் பார்த்துச் சொன்னாள். பெற்ற பிள்ளைக்கு முன்னால் என் முகம் தொங்கிப்போய்விட்டது. உனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவன் நான். அன்று நீ என் வேட்டியை நனைத்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இதையா எடுத்துக்கொள்ளப் போகிறேன்? லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிற பர்ஹானிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசி. கடைசியில்தான் காரியம் இருக்கிறது.

கடைசியாகப் பேசியபோது, இனிமே ஷேப்புங்கிற வார்த்தைய எங்கிட்ட சொல்லாதீங்க மாமா என்று கத்தினாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வார்த்தை உனக்கு என்ன பாவம் செய்தது? செசிலி டீச்சர் கரும்பலகையில் வட்டமும் சதுரமும் கீறி, இதெல்லாம் ஷேப் என்று சொல்லிக்கொடுத்தார். எனக்கு ஒழுங்காகத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தைகளில் அது ஒன்று. கவ்வாத்து வெட்டி முடிந்த தேயிலையைப் பார்த்துத் துரை, நல்ல ஷேப் என்பார். தைக்கக் கொடுத்த சட்டை ஷேப்பாக இல்லை என்று உன் அத்தை தையல்காரனோடு மல்லுக்கு நிற்பாள். டவுனுக்குப் போனால் சிங்களவர், முஸ்லிம்கள், நாம் என்ற பேதமில்லாமல் எல்லாரும், ஷேப் பண்ணிக்கொள்ளலாம் என்கிறார்கள். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம், ஆளுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுத்து முடித்துக்கொள்வோம் என்று அர்த்தம். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தாலும் ஷேப், கல்யாண வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் நழுவினாலும் ஷேப். இத்தனை வேலை செய்கிற ஒரு வார்த்தை தமிழில் இருந்தால் நீயே சொல்லு, அதையே பேசுகிறேன்.

உனக்கு நான் ஷேப் பண்ணியதெல்லாம் மறந்துவிட்டதா? லைசன்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடி மாட்டிக்கொண்டு நின்றாய். நான் வந்து சார்ஜன்ட்டோடு சிரித்துப் பேசி உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அன்று மட்டும் இந்த வார்த்தை உனக்கு இனித்தது. ஜௌபர் நானா கடையில் நின்ற அவர் மகள் நளீராவோடு நீ போனில் குசுகுசுத்தது என் காதுக்கு வராது என்று நினைத்தாய். நேரே போய் நானாவின் காதில் மெதுவாகப் போட்டேன். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளையை வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அழுதாளாம். அவள்தான் உன்னை வேண்டாமென்று போய்விட்டாள் என்று நீ இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஊரில் ஒரு கல் விழவில்லை, ஒரு கடை மூடவில்லை. யார் செய்தது அது?

சரி, உன் அம்மா, என் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊரார் வாயால் கேட்டிருக்கிறாய், என் வாயால் கேள்.

பத்தாம் நம்பர் மலையில் குளவி கூடு கட்டியிருந்தது எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் மருந்தடிக்கப் போனவன் ஓடி வந்தான். கூட்டைக் கலைக்க ஆள் வரும்வரை கொழுந்து காத்திருக்குமா? முற்றிப்போகும். காலைப் பெரட்டில் ஆளுக்கு ஆள் வேலை பிரித்தபோது, பொம்பளைகள் அந்த மலைக்கு ஏறமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். துரை என்னைப் பார்த்தார். தொழிலாளிகளின் தோட்டத் தலைவர் என்று பெயர் வைத்துக்கொண்டு நான் சும்மா நிற்க முடியுமா? கீழ் நிரையில் மட்டும் ஷேப்பாகப் பறித்துவிட்டு இறங்கி வாருங்கள் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் அசையவில்லை. உன் அத்தை சுஜீவா இருந்திருந்தால் எனக்காக முதல் ஆளாகப் போயிருப்பாள். அவளுக்கு அன்று காய்ச்சல், வேலைக்கு வரவில்லை.

அப்போது உன் அம்மாதான் முன்னுக்கு வந்தாள். எந்தம்பி சொல்றான், வாங்கடி என்று கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். ஜெயலெட்சுமி அக்கா போகிறாள் என்றதும் மற்றவர்களும் பின்னால் போனார்கள். அக்காவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நீ என்னவென்றால் என்னை எதிரி மாதிரி பேசுகிறாய்.

பத்து மணிக்கெல்லாம் கூச்சல் கேட்டது. எல்லாரும் ஓடிவிட்டார்கள். துஷாந்தினி, அதுதான் புதிதாக வேலைக்கு வந்த சின்னப் பெண், அவள் வழுக்கி விழுந்துவிட்டாள். உன் அம்மா திரும்பிப் போய், இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து அவள்மேல் போட்டு மூடியிருக்கிறாள். தனக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அக்கா எப்போதும் இப்படித்தான், முன்பின் யோசிப்பதில்லை.

லொறி பிந்தியது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். லொறி கிடைத்ததே என்னால்தான். கொழுந்து ஏற்றி நின்றது. கொழுந்தை பேக்டரியில் இறக்காமல் ஆஸ்பத்திரிக்குத் திருப்பமாட்டேன் என்று டிரைவர் அடம்பிடித்தான். நான் இரண்டு பக்கமும் ஷேப் பண்ணினேன். அக்காவைக் கொழுந்துக்கு மேலேயே படுக்க வைத்து, பேக்டரிக்கும் போய், அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போனோம். மெத்தை மாதிரிதான் இருந்தது. பேக்டரி வாசலில் கொழுந்து இறக்கும்போது தண்ணீர் கேட்டாள். நான்தான் கொடுத்தேன். நீ அங்கே ஏசியில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியெல்லாம் அந்த வாசலில் நின்றவனுக்குத்தான் வலிக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் டொக்டர் நாடி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததும் உன் குடும்பத்துக்காகத்தான். வேலைக்குள் நடந்தது என்றால் கேஸ், கோர்ட், வருஷக்கணக்கில் இழுபறி. துரை என்னை ஒபீசுக்குள் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மழை என்று காலையிலேயே பெரட்டைக் கலைத்ததாகவும், பொம்பளைகள் தாங்களாகவே விறகு பொறுக்க மலைக்குப் போனதாகவும் பேசி முடித்தோம். அன்று வெயில் அடித்ததே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். வெயில் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்றார். உன் அம்மா அன்று பறித்த கொழுந்தை மட்டும் என்ன செய்வது என்று கங்காணி தலையைச் சொறிந்தான். அது அப்போதே தூளாகியிருக்கும், விடுடா என்றேன்.

உன் அப்பாவை நான் கட்டாயப்படுத்தவில்லை. லயத்து வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுத் தருகிறோம் என்றதும் அவராகவே சரி என்றார். இப்போது இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. உன் அம்மா எத்தனை வருஷம் சட்டியும் வாளியும் வைத்து அந்த வீட்டில் தண்ணீர் பிடித்தாள்! கொடுத்துவைக்கவில்லை. நிலக்ஷனாவுக்கு ஒபீசில் கம்பியூட்டர் வேலை கிடைத்ததையும் நீ குத்திக் காட்டினாயாம். அவள் படித்த பிள்ளை, கிடைத்தது. உனக்கென்று வளர்த்த பெண் உயர்ந்தால் உனக்குத்தானே பெருமை? அந்தப் பேச்சை நான் இன்னும் முறிக்கவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

சாவுக்கு உன்னால் வர முடியவில்லை. போனைப் பிடித்து உனக்குக் காட்டியது யார்? அந்த முகத்தை முழுதாகப் பார்த்திருந்தால் நீ இன்றைக்குவரை தூங்கியிருக்கமாட்டாய். நல்லாயிருந்த பக்கத்தை மட்டும் ஷேப்பாகத் திருப்பிக் காட்டினேன். அம்மா தூங்குற மாதிரியே இருக்கு மாமா என்று அழுது கும்பிட்டாய். அந்த ஒன்றுக்காவது நீ எனக்கு நன்றி சொல்லியிருக்கவேண்டும்.

இவ்வளவு செய்து முடித்த காரியத்தை, நீ அங்கிருந்து ஒரு முறைப்பாடு அனுப்பிக் கலைத்துவிட்டாய். வருகிற மாதம் பதுளையில் விசாரணை. நீயும் லீவு போட்டு வரப்போவதாகக் கேள்வி. விஷயம் உன் காதுக்கு எப்படி வந்தது என்று தேடினேன். துஷாந்தினிதான் என்று நினைத்துக் கங்காணியிடம் சொல்லி, அவளைத் தினமும் செங்குத்து மலைக்கே போட வைத்தேன். வீங்கின கால் இன்னும் அவளுக்கு வற்றவில்லை. அவள் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் அவளை இறக்கிவிட்டால் முன்பு ஏன் ஏற்றினாய் என்று கேட்பார்கள், அப்படியே விட்டிருக்கிறேன்.

உன்னிடம் சொன்னது உன் அத்தை. என் வீட்டுக்குள் இருந்துகொண்டு, என் மகளின் போனிலேயே பேசியிருக்கிறாள்.

மருமகனே, நான் எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான். சுஜீவா என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறாள். தினமும் பெரட்டுக்குப் போய் பத்தாம் நம்பர் மலையைத்தான் கேட்டு வாங்குகிறாள். கூட்டைக் கலைத்தாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அப்ப அன்னைக்கே கலைச்சிருக்கலாமே என்றாள். அதுதான் இந்த மாதம் முழுதும் அவள் என்னிடம் பேசிய ஒரே பேச்சு. விசாரணையில் என்ன சொல்லப்போகிறாள் என்பதை நிலக்ஷனாவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அன்னைக்குக் காய்ச்சல் இல்லைங்க, அந்த மலைக்குத்தான் வேலை போடப்போறாங்க, நீ போகாதன்னு விடியக்காலையிலேயே என் புருஷன் சொன்னாரு என்று, இவ்வளவையும் அப்படியே சொல்லப்போகிறாளாம்.

தாலி கட்டிய பொண்டாட்டியைக் காப்பாற்றுவது ஒரு குற்றமா? வீட்டில் இருக்கிற ஒருத்தியைப் போகாதே என்று சொல்லலாம். பெரட்டில் நிற்கிற அத்தனை பேரிடமும் சொல்ல முடியுமா? அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், எனக்கு மட்டும் ஏன்டா சொல்ற என்று ஊரையே கூட்டியிருப்பாள். அவளைப் பற்றி உனக்குத் தெரியாதா?

நான் சொன்னால் சுஜீவா கேட்கமாட்டாள். உன்மேல் அவளுக்கு உயிர். நீ அவளுக்கு ஒரு கோல் எடு. அழவேண்டாம், பழையதைப் பேசவேண்டாம். அத்தை, உங்களுக்கு அன்னைக்குக் காய்ச்சல்தான் என்று மட்டும் சொல். மாமா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம், அனலாகக் கொதித்ததாம் என்று சொல். இந்த ஒன்றை மட்டும் நீ எனக்கு ஷேப் பண்ணிக் கொடு.

நீ நீடூழி வாழவேண்டும். உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. உன் அம்மா இருந்தால் அவளிடமே கேட்டிருப்பேன். தம்பி சொல்றான் என்று ஒரு வார்த்தை பேசாமல் செய்திருப்பாள்.

என்றும் உன் தாய்மாமன்,
அழகையா